பாடத்தை ஏற்றியாச்சு, மராமத்து பார்ப்பது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். கல்லூரியில் வேலை பார்க்கும் கண்ணுகள் மட்டும் கடைசி வரை கட்டாயம் படிக்க வேண்டும். இன்றைக்குத் திட்டு உங்களுக்கும் உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கும்தான்.

விஷயம் இதுதான். விலங்கியல், தாவரவியல், வேளாண்மை, உயிர்த்தொழில்நுட்பம் என்று உயிரியல் பக்கம் போகிற பிள்ளைகள் புள்ளியியலும் படித்தாக வேண்டும். அதைச் சொல்லித்தர இணையத்தில் குறிப்புகள், வீடியோக்கள், பயிற்சித் தாள்கள், தரவுக் கோப்புகள் என்று ஏராளமாக ஏற்றி வைத்திருக்கிறோம். ஏற்றுகிற அன்றைக்குக் குத்துவிளக்கு, பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. மறுநாள் "இந்தப் பாடத்துக்குப் பொறுப்பு யாருங்க?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

பராமரிக்க ஆள் இல்லாத பாடத்தை இணையத்தில் விட்டு வைத்திருப்பதைப் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பிள்ளைகளுக்குச் செய்கிற கெடுதல் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

"டீச்சர், நீங்க அஞ்சாங்கிளாஸ் எடுத்தவங்க. உங்களுக்கு ஏனுங்க இந்த வம்பு?" என்று சிலர் நினைப்பீர்கள். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவள்தான். சராசரியும் பட்டை வரைபடமும் தாண்டி நான் நடத்தியதில்லை. ஆனால் என் நாத்தனார் பேத்தி இப்போது பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். லீவில் வந்து இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள். அவளோடு உட்கார்ந்து அவளுடைய புள்ளியியல் பாடங்களை நானும் வரிவரியாகப் பார்த்தேன். புரியாததை, இன்று கல்லூரியில் பாடம் நடத்துகிற என் பழைய மாணவர்கள் இருவரிடம் போனில் கேட்டுக்கொண்டேன். எந்தக் கல்லூரி, எந்தத் தளம் என்று யாரும் கேட்க வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

முதலில், இந்தப் பாடங்களை நம்பி இருக்கிற பிள்ளைகள் யார் என்று பாருங்கள்.

நம் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் சேரும்போது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று கணக்கே இல்லாத ஒரு குரூப் உண்டு. பியூர் சயின்ஸ் என்போம். அதை எடுக்கிற பிள்ளை பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் 'புள்ளியியலும் நிகழ்தகவும்'. அதில் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் பார்த்திருக்கும். அதோடு சரி. மூன்று நான்கு வருடம் கழித்து, கல்லூரியில் 'பயோஸ்டாடிஸ்டிக்ஸ்' என்று ஒரு தாள் வந்து நிற்கும். டி சோதனை, கை வர்க்கச் சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஒட்டுறவு என்று எல்லாம் ஆங்கிலத்தில் வரும். தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்?

காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை தனியாக டியூஷன் வைத்துக்கொள்ளும். புராஜெக்ட் என்று வந்தால், கல்லூரி வாசலிலேயே 'டேட்டா அனாலிசிஸ் செய்து தரப்படும்' என்று போர்டு மாட்டிய கடை இருக்கும். தரவைக் கொடுத்தால் மறுநாள் அட்டவணையாக வாங்கிக்கொள்ளலாம். காசு இல்லாத பிள்ளைக்கு இருப்பது செல்போனும் இலவசமாகக் கிடைக்கிற இணையப் பாடமும்தான். அதனால், கெட்டுப்போன பாடம் முதலில் குத்துவது பொள்ளாச்சி, கோபி, தாராபுரம், காங்கேயம் பக்கத்தில் தறி ஓட்டுகிற வீட்டிலும் தோட்ட வேலைக்குப் போகிற வீட்டிலும் இருந்து வந்த பிள்ளையைத்தான்.

அது எப்படிக் குத்துகிறது என்பதை வகுப்பறையில் நின்றவர்கள் எல்லோரும் அறிவோம். பயிற்சிப் புத்தகத்தின் விடைப்பகுதியில் ஒரு விடை தப்பாக அச்சாகியிருந்தால் குழந்தை என்ன செய்யும்? புத்தகம் தப்பு என்று சொல்லாது. தான் போட்ட சரியான விடையை ரப்பர் வைத்து அழித்துவிட்டு, புத்தகத்தில் இருக்கிற தப்பை எழுதிக்கொண்டு வரும். நாலைந்து தடவை அப்படி நடந்தால் "எனக்குக் கணக்கு வராதுங் டீச்சர்" என்று சொல்லிவிடும். இருபது வயதுப் பிள்ளையும் அதையேதான் செய்கிறது. எங்கள் வீட்டில் இருந்தவளும் அதைத்தான் சொன்னாள். பாடத்தில் போட்டிருக்கிற விடை வேறு, அவள் கம்ப்யூட்டரில் வந்த விடை வேறு. "எனக்கு மண்டையில ஏறலீங்க பாட்டி" என்றாள். ஏறாமல் இல்லை. அவள் செய்தது சரி. பாடம்தான் பழசு.

இணையப் பாடம் எப்படிப் பழசாகிறது என்று ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

உயிரியல் பிள்ளைகள் இன்று அதிகம் பயன்படுத்துகிற இலவச மென்பொருளின் பெயர் 'ஆர்'. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இரண்டு ஆசிரியர்கள் தொடங்கியது. 2000-ல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. அன்று முதல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளர்கிற பொருள் மாறத்தானே செய்யும்? வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சாம்பிள் வர வேண்டும் என்பதற்காக, ஒரு 'விதை எண்' கொடுத்துச் சாம்பிள் எடுக்கச் சொல்வார்கள். 2019 ஏப்ரலில் வந்த 3.6 பதிப்பில், சாம்பிள் எடுக்கும் உள்முறையில் இருந்த ஒரு கோளாறைச் சரிசெய்தார்கள். அன்று முதல் அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் வேறு சாம்பிள் வரும், வேறு சராசரி வரும். 2016-ல் எழுதிய பாடத்தின் விடையும் இன்றைய பிள்ளையின் விடையும் எப்படிப் பொருந்தும்?

அடுத்த வருடமே இன்னொன்று. 2020 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்பு வரை, கோப்பில் எழுத்தாக இருக்கும் பத்தியை ஆர் தானாகவே வகைகளாக எடுத்துக்கொள்ளும். அந்த வழக்கத்தை 4.0-ல் நிறுத்திவிட்டார்கள். "உரம் என்ற பத்தியில் என்னென்ன வகை இருக்கிறது என்று கேள், மூன்று பெயர் வரும்" என்று பழைய பாடம் சொல்லும். இன்று கேட்டால் 'நல்' என்று வரும். ஒன்றுமில்லை என்று அர்த்தம். பிள்ளை அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்ளும். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் தீருகிற பிரச்சினை இது. ஆனால் அந்தச் சொல்லைச் சேர்க்க ஆள் இல்லை.

அசைகிற படங்கள் கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் மின்பாடம் என்றாலே ஃபிளாஷ் அனிமேஷன்தான். 2020 டிசம்பர் 31-ஓடு அந்த ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றுபோனது. நிற்கப் போகிறது என்று 2017-லேயே அறிவித்துவிட்டார்கள், மூன்றரை வருட அவகாசம் இருந்தது. பொறுப்பாள் இருந்த பாடங்கள் வேறு வடிவத்துக்கு மாறின. இல்லாத பாடங்களில் இன்று படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம்தான் இருக்கிறது.

எக்செல் பக்கம் வாருங்கள். மரபணுக்களின் பெயரில் 'செப்ட்2', 'மார்ச்1' என்று சில இருந்தன. எக்செல்லில் தட்டினால் அவை தாமாகவே செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாகிவிடும். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இந்தக் கோளாறு இருப்பதைக் காட்டியது. கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே அவற்றின் பெயரை மாற்றி 2020-ல் புது நெறிமுறை வெளியிட்டது. எக்செல்லும் 2023-ல் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க வழி கொடுத்தது. உயிரியல் பிள்ளைக்கு இது எவ்வளவு முக்கியமான பாடம்! 2014-ல் எழுதிப் பூட்டி வைத்த குறிப்பில் இதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கருவி மட்டும் மாறவில்லை, கருத்தும் மாறியிருக்கிறது. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் ஜெயம், மேலே போனால் தோல்வி என்று பாஸ்-ஃபெயில் கணக்காகவே பல குறிப்புகள் சொல்கின்றன. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் ஓர் அறிக்கை விட்டது. அந்த ஒரு கோட்டைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எடுக்காதீர்கள், விளைவு எவ்வளவு பெரியது என்பதைப் பி-மதிப்பு சொல்லாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அறிக்கை வந்து இத்தனை வருடம் ஆகியும் பாஸ்-ஃபெயில் பாடம் அப்படியே தொங்குகிறது.

பாடத்திட்டமும் நிற்பதில்லை. நம் கோவைக் கதையையே சொல்கிறேன். ஐ.சி.ஏ.ஆர்., உலக வங்கி உதவியுடன் 2006 முதல் 2014 வரை தேசிய வேளாண் புத்தாக்கத் திட்டத்தை நடத்தியது. அதில் வேளாண் பட்டப்படிப்புகளுக்கு மின்பாடங்கள் செய்தார்கள். நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. புள்ளியியலும் பாட வாரியாக, இலவசமாக வந்தது. அருமையான வேலை, நாடு முழுக்கப் பிள்ளைகள் படித்தார்கள். செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் திட்டம் என்றால் முடிவுத் தேதி உண்டு, நிதியும் அந்தத் தேதியோடு நிற்கும். அதற்குப் பிறகு வேளாண் பாடத்திட்டம் இரண்டு முறை மாறிவிட்டது: ஐந்தாவது டீன்கள் குழு சொன்னது 2016-17-லும், ஆறாவது குழு சொன்னது 2024-25-லும் வந்தன. ஒரு பாடத்தை உருவாக்கத் திட்டம் போடும்போதே, திட்டம் முடிந்தபின் பத்து வருடத்துக்கு அதைக் கவனிக்க ஆளும் நிதியும் என்று ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டாமா? இதை எந்த ஒரு நிறுவனத்தைப் பார்த்தும் கேட்கவில்லை. திட்டம் போடுகிற நம் நாட்டுப் பழக்கத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

தமிழில் படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம் என்று படித்தோம். இலங்கைப் பாடநூலில் அதையே இடை, இடையம், ஆகாரம், நியம விலகல் என்பார்கள். அவர்கள் சொல்லும் நல்ல சொல்தான். ஆனால் தமிழில் தேடுகிற பிள்ளைக்கு இரண்டும் கலந்து வரும். நம் இடைநிலையும் அவர்கள் இடையும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளும். ஒன்று நடு மதிப்பு, மற்றது சராசரி! பாடத்தின் தலைப்பில் ஒரு சொற்பட்டியல் போட்டு, புதுச் சொல் வரும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே வந்தால் இந்தக் குழப்பம் வராது.

இன்னும் ஓர் உதாரணம், சின்னதுதான். 2016-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயை நம் தென்னை விவசாயிகள் மறக்க மாட்டார்கள். ஐந்து ஓலைகளில் எண்ணியதாக வைத்துக்கொள்வோம்: 4, 6, 8, 10, 12. சராசரி 8. விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 40. பத்தாம் வகுப்பு முறையில் 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 2.83. ஆர் மென்பொருளில் போட்டால் 3.16 வரும். ஏன்? நாம் எண்ணியது தோப்பு முழுவதையும் அல்ல, ஐந்து ஓலை சாம்பிள் மட்டும். சாம்பிள் என்றால் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 4-ஆல் வகுக்க வேண்டும். இரண்டும் சரியான கணக்கு, கேள்வி வேறு. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்ட பிள்ளைக்கு நினைவில் இருப்பது 2.83 வருகிற சூத்திரம். "நீ பள்ளியில் படித்தது அது, இங்கே கேட்பது இது" என்று ஒரு வரி பாடத்தில் இருந்தால் போதும். இந்தச் சந்தேகம் ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு வகுப்பிலும் வருவதாக என் மாணவர் சொல்கிறார். ஒவ்வொரு வருடமும் வாயால் பதில் சொல்கிறார்கள். பாடத்தில் அந்த வரியை ஏற்றத்தான் யாருக்கும் உரிமையும் இல்லை, நேரமும் இல்லை. கடவுச்சொல் யாரிடம் இருந்ததோ அவர் ரிடையர் ஆகிவிட்டாராம்!

இப்போது எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருகிறேன். போனிலேயே எனக்கு வந்துவிட்டன.

"அடிப்படை மாறாதுங்க டீச்சர், சராசரி எப்பவும் சராசரிதான்." ஒத்துக்கொள்கிறேன். ஃபிஷர் 1925-ல் எழுதிய முறைகளில் பல இன்றும் நிற்கின்றன. ஆனால் பிள்ளை அடிப்படையைக் காற்றில் படிப்பதில்லை. ஒரு கருவி, ஒரு கோப்பு, ஒரு இணைப்பு, ஒரு விடை வழியாகத்தான் படிக்கிறது. அடிப்படை சரியாக இருந்து படி உடைந்திருந்தால் ஏறுகிறவன் விழத்தானே செய்வான்?

"யூடியூப்புல இல்லாததா?" இருக்கிறது, ஆயிரக்கணக்கில். எது 2012-ல் எடுத்தது, எது இன்றைக்கும் செல்லும் என்று தரம் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாடமே தேவையில்லை. தெரியாத பிள்ளைக்காகத்தான் ஆசிரியர் என்று ஒருவர் இருக்கிறார்.

"இனிமேல் ஏ.ஐ. சொல்லிக்கொடுத்துடும்." சொல்லிக்கொடுக்கட்டும். அதுவும் மனிதர்கள் எழுதிப் போட்ட பக்கங்களைப் படித்து வளர்ந்ததுதான். பழைய பாடத்தைத் திருத்தாமல் விட்டால் பழைய தப்பை இன்னும் அழகான வாக்கியத்தில் சொல்லும். அது சொன்னது சரியா என்று ஒத்துப்பார்க்க, நம்பகமான பாடம் ஒன்று எங்காவது வேண்டாமா?

"இலவசமாகப் போட்டதை இப்படிக் குறை சொல்லலாமா?" சொல்லலாம். அன்னதானம் என்றாலும் சோறு ஊசிப்போயிருக்கக் கூடாது.

சரி, ஆசிரியர்கள் சோம்பேறிகளா? இல்லை. நானும் அந்த வர்க்கம்தான், எனக்குத் தெரியும். கோளாறு மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர்கள் நியமனம், பதவி உயர்வு பற்றி யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட விதிமுறைகளில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு முழு மின்பாடம் உருவாக்கினால் 12 புள்ளி. முழு இணையவழிப் படிப்பு உருவாக்கினால் 20. ஒரு பகுதிக்கு 5. பதிப்பாசிரியருக்கும் புள்ளி உண்டு. ஏற்கெனவே இருக்கிற பாடத்தைச் சரிபார்த்து, திருத்தி, புதுப்பித்து வைப்பவருக்கு என்று ஒரு வரி? இல்லை. பழைய பாடத்தில் நாற்பது பிழை திருத்தியவருக்குச் சுழி. அதே பாடத்தைப் புதுத் தலைப்பில் இன்னொரு தடவை ஏற்றியவருக்கு 12. இப்படி விதி எழுதினால் நாட்டில் என்ன விளையும்? ஒரே டி சோதனைக்கு ஐம்பது பாடம் விளையும், ஐம்பதும் பாதியில் உடைந்திருக்கும்.

நம் கொங்கு மண்ணுக்கு இது புரியாத விஷயம் இல்லை. காளிங்கராயன் வாய்க்காலை வெட்டியது பதின்மூன்றாம் நூற்றாண்டில் என்பார்கள். இன்றும் ஈரோட்டுப் பக்கம் அதில் பாசனம் நடக்கிறதென்றால், வெட்டியவன் பெருமை ஒரு பங்கு, காலம் காலமாகத் தூர் வாரி, கரை கட்டி வந்தவர்கள் உழைப்பு ஒன்பது பங்கு. அதற்குக் குடிமராமத்து என்று பெயரே வைத்திருந்தோம். குளத்துக்கு மராமத்து வேண்டும் என்று தெரிந்த நாம், பாடத்துக்கு மட்டும் திறப்பு விழாவோடு கணக்கை முடிக்கிறோம்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நடப்பு உதாரணம். கார்பென்ட்ரீஸ் என்று ஓர் அமைப்பு. பெயருக்குத் தச்சு வேலை என்று பொருள். 1998-ல் ஆராய்ச்சியாளர்களுக்குக் கணினி கற்பிக்கத் தொடங்கிய முயற்சி, 2014-ல் தரவுப் பாடங்களுக்குக் கிளை விட்டது. சூழலியல் மாணவர்களுக்கு என்றே ஆர் பாடம் வைத்திருக்கிறார்கள். அதில் வரும் தரவு, அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 1977 முதல் எலி வகைகளைப் பிடித்து எண்ணி வரும் உண்மையான ஆய்வுத் தரவு. ஒவ்வொரு பாடத்துக்கும் 'பராமரிப்பாளர்' என்று பெயர் சொல்லி ஆட்கள் உண்டு. தப்பு கண்ட எவரும் பொதுவில் எழுதலாம். எந்தத் தேதியில் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். செய்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பொறுப்பைப் பெயர் போட்டுக் கொடுத்ததுதான் வித்தியாசம்.

நம்மிடம் தரவுக்கா பஞ்சம்? ஆனைகட்டியில் பறவை ஆய்வுக்கு சலீம் அலி மையம், கோவையில் 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வன மரபியல் நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் நம் பிள்ளை எந்தப் பாடத்தைத் திறந்தாலும் ஐரிஸ் பூவின் இதழ் நீளம்தான். 1936-ல் ஃபிஷர் எழுதிய கட்டுரையின் தரவு அது. அந்தப் பூவை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்? 2025-ல் ஆர் மென்பொருளோடு அண்டார்டிக் பென்குயின் தரவும் சேர்ந்து வருகிறது. நல்லதுதான். நம் வரையாடு எங்கே?

வால்பாறைப் பக்கம் புல்மலையில் நிற்கிற நம் மாநில விலங்கைச் சொல்கிறேன். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் என்று மதிப்பிட்டார்கள். 2025-ல் 1,303. இதைவிட நல்ல புள்ளியியல் கேள்வி வேண்டுமா? 272 கூடியது உண்மையிலேயே குட்டிகள் பிறந்து பெருகியதாலா? இல்லை, இரண்டாம் தடவை இன்னும் அதிகமான பகுதிகளில் தேடியதாலா? இருவர் தனித்தனியாகப் பார்த்து எண்ணும்போது, இருவர் கண்ணிலும் படாமல் போனவற்றை எப்படிக் கணக்கிடுவது? இந்தக் கேள்வியோடு வகுப்பைத் தொடங்கினால் பின்வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான். ஆனால் இந்தப் பாடம் ஒரு தடவை எழுதி முடிகிற பாடம் அல்ல. அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் எண் மாறும், முறை மாறலாம், பாடமும் மாற வேண்டும். மராமத்துக்கு ஆள் இருக்கிற இடத்தில்தான் இப்படிப்பட்ட உயிருள்ள பாடத்தை வைக்க முடியும். ஆள் இல்லாததால்தான் என்றைக்கும் மாறாத ஐரிஸ் பூவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

கேட்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்.

ஒன்று. ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் பொறுப்பாளர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, எந்தப் பதிப்பு மென்பொருளில் சரிபார்த்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். நாங்கள் தொடக்கப் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பாடக்குறிப்பு எழுதி, தேதி போட்டு, தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கினோம். போன வருடக் குறிப்பை நீட்டினால் உதவிக் கல்வி அலுவலர் விட்டிருப்பாரா? ஐந்தாம் வகுப்புக்கு இருந்த ஒழுங்கு பட்டப்படிப்புக்கு வேண்டாமா?

இரண்டு. ஒவ்வொரு ஜூனிலும், கல்லூரி திறக்கும் முன்னால், புதிதாக மென்பொருள் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் எல்லா உதாரணங்களையும் முதலில் இருந்து ஒருவர் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லா இணைப்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். முடிந்தால் செல்போனிலும்.

மூன்று. அந்த வேலையை வேலையாகக் கணக்கிடுங்கள். வாரத்தில் இத்தனை பாடவேளை என்று நேரம் ஒதுக்குங்கள். பதவி உயர்வு அட்டவணையில், புதுப் பாடத்துக்கு எவ்வளவோ அவ்வளவு புள்ளி பராமரிப்புக்கும் கொடுங்கள்.

நான்கு. பிள்ளைகள் தப்பைச் சுட்டிக்காட்ட ஒரு வழி வையுங்கள், திருத்தியதை அங்கேயே பட்டியல் போடுங்கள். தன் விடைதான் சரி, பாடம்தான் தப்பு என்று ஒரு தடவை நிரூபித்துவிட்ட பிள்ளை கணக்குக்குப் பயப்படாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐந்து. பொறுப்பாளர் மாற்றலாகிப் போனாலும் ரிடையர் ஆனாலும் சாவிக்கொத்தை ஒப்படைப்பதுபோலக் கடவுச்சொல்லையும் மூலக் கோப்புகளையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். பள்ளியில் கரும்பலகை, நாற்காலி, அலமாரிக்குக்கூட இருப்புப் பதிவேடு உண்டு. பாடத்துக்கு இல்லையென்றால் எப்படி?

ஆறு. இது எதையும் செய்ய முடியாது என்றால், தயவுசெய்து பாடத்தின் மேல் பெரிய எழுத்தில் "2015-க்குப் பிறகு சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதி வையுங்கள். பிள்ளைகள் தங்கள் தலையில் அடித்துக்கொள்வதாவது மிச்சமாகும்.

என் மாணவர்களில் ஆறேழு பேர் கல்லூரியில் இருக்கிறீர்கள். உங்கள் துறைப் பாடம் ஒன்றே ஒன்றைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாடத்தைப் புதுப்பிப்பவருக்குச் சபையில் பொன்னாடை போட மாட்டார்கள், நான் போடுகிறேன். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற பசங்களே, பெங்களூரிலும் சென்னையிலும் ராத்திரி பகலாகப் பராமரிப்பு வேலைதானே பார்க்கிறீர்கள்? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள். தமிழ் நன்றாக வருகிறவர்கள் சொற்பட்டியலுக்கு வாருங்கள். அதற்கு நான் இருக்கிறேன்.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று. வீட்டுப் பிள்ளை "எனக்கு ஸ்டாட்ஸ் வரலை" என்று சொன்னால் உடனே "உனக்குக் கணக்கு எப்பவுமே வராது" என்று சொல்லிவிடாதீர்கள், மாமா. எந்தப் பாடத்தை வைத்துப் படிக்கிறது, அது எந்த வருடத்துப் பாடம் என்று முதலில் கேளுங்கள்.

கல்லூரிக் கண்ணுகளா, நீங்கள் எடுத்துக்கொண்ட பாடத்தின் பெயரையும் இன்றைய தேதியையும் கீழே எழுதுங்கள். பட்டியல் என் நோட்டில் ஏறும். அடுத்த ஜூனில் ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்